போலோ ஜிடிக்கு டயர் மாத்தணும், பட்ஜெட் 24 ஆயிரம், 185/60 ஆர்15ல என்ன போடலாம்?

பொள்ளாச்சிப்போலோ
எல்லாருக்கும் வணக்கம்ங்க. வண்டி 2015 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ, நான் ரெண்டாவது ஓனர், 71 ஆயிரம் கி.மீ ஓடியிருக்கு. இப்ப இருக்கற டயர் நாலும் முந்தின ஓனர் போட்டது, 38 ஆயிரத்துல மாத்தினேன்னு சொன்னாரு. பட்டன், அதான் டயர் மேல இருக்கற ரப்பர் மேடு, இன்னும் இருக்கு, அதனால நானும் கண்டுக்காம ஓட்டிட்டிருந்தேன்.

ஆகஸ்ட்ல குடும்பத்தோட வால்பாறை போயிட்டு இறங்கறப்ப தூறல், ரோடெல்லாம் ஈரம், 17வது கொண்டை ஊசி வளைவுல ஸ்பீடு முப்பது கூட இருக்காது, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சுட்டேன் ஆனா வண்டி மூக்கு பாட்டுக்கு நேரா போகுது, எதுத்தாப்புல அரசு பஸ் ஏறி வந்துட்டிருக்கு, பிரேக்க அமுக்குனா ஏபிஎஸ் கட கடன்னு கால்ல அடிக்குது. பஸ்காரர் நிறுத்திட்டாரு, புண்ணியவான். ஒரு முழம் இடைவெளில நின்னுச்சு. வீட்டுக்காரம்மா வாயே திறக்கல. ஆழியார் செக்போஸ்ட் தாண்டினதுக்கப்புறம் ஒரே வார்த்தை, "டயர மாத்துங்க."

நம்மூர் கடைல காட்டுனா அளவு வெச்சுப் பாத்துட்டு மூணரை மில்லி இருக்கு, இன்னும் பத்தாயிரம் ஓடும்ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல. நாலு டயருக்கும் சேத்து 24 ஆயிரத்துக்குள்ள முடியணும், அதுக்கு மேல சத்தியமா இல்லைங்க. ஹைவேல இழுக்கறதும் உண்டு, மாசம் ஒருதடவ மலையும் ஏறுவேன். என்ன போடலாம்?

ஓஎம்ஆர்_ராக்கெட்
தல யோசிக்கவே யோசிக்காத, 195/60 ஆர்15க்கு அப்சைஸ் பண்ணிடு. போலோகாரங்க பாதிப்பேர் அதான் போட்டிருக்காங்க. நானும் 2017லருந்து அதான் ஓட்டறேன், பாக்கவே வண்டி கெத்தா நிக்கும், ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டாது, கார்னர்ல ஒட்டிக்கும். ஸ்டாக் சைஸ் எல்லாம் கம்பெனிக்காரன் மைலேஜுக்காக போடறது.

எண்ணெய்க்கறை
அப்சைஸ் அப்புறம் பேசலாம். பொள்ளாச்சி சார், மொதல்ல மூணு விஷயம் பாத்துட்டு வந்து சொல்லுங்க. டயர் பக்கவாட்டுல டாட் (DOT)னு ஆரம்பிச்சு ஒரு வரிசை எழுத்து இருக்கும், அதோட கடைசில முட்டை வடிவ கட்டத்துக்குள்ள நாலு நம்பர், அது என்னன்னு பாருங்க. முதல் ரெண்டு நம்பர் டயர் தயாரான வாரம், அடுத்த ரெண்டு நம்பர் வருஷம். வெளிப்பக்கம் இல்லேன்னா உள்பக்கம்தான் இருக்கும், கீழ படுத்துத்தான் பாக்கணும். ரெண்டாவது, பட்டன நகத்தால அமுக்குங்க, புது டயர்னா நகம் லேசா பதியும். மூணாவது, முன் டயர்ல உள்பக்க ஓரத்தக் கையால தடவிப் பாருங்க. கடைக்காரர் அளவு வெச்சது நடுவுலயா ஓரத்துலயான்னு கேட்டீங்களா? பெரும்பாலும் நடுவுலதான் வைப்பாங்க.

சேலத்துல 22 வருஷமா கார் வேலை பாக்கறேன். மொட்டை டயர்ல வழுக்குனவங்கள விட பட்டன் இருக்குன்னு நம்பி வழுக்குனவங்களத்தான் நிறைய பாத்திருக்கேன்.

பொள்ளாச்சிப்போலோ
அண்ணா பாத்துட்டேன்ங்க. போன் டார்ச்ச அடிச்சுட்டு வாசல்ல படுத்துக் கெடந்தேன், பக்கத்து வீட்டுக்காரர் வண்டி ரிப்பேரான்னு வந்து நின்னுட்டாரு. நாலுமே 1919. அப்படின்னா 2019 மே மாசம், ஆறு வருஷம் தாண்டிருச்சு. நகம் பதியவே இல்ல, ஓட்டுச் சில்ல அமுக்கற மாதிரி இருக்கு. பட்டன் சந்துல மயிர் மயிரா வெடிப்பு, வெயில்ல நிறுத்தி நிறுத்தி காய்ஞ்ச களிமண்ணு மாதிரி. உள்பக்க ஓரம்தான் கொடுமை, வலது முன் டயர்ல ஓரத்துல கோடே காணோம், வழவழன்னு இருக்கு. வெளிய நின்னு பாத்தா இது ஒண்ணுமே தெரியாதுங்க.

எண்ணெய்க்கறை
அவ்வளவுதான் சார், விடை கிடைச்சாச்சு. ரப்பர் செத்துப்போச்சு. சட்டத்துக்கு 1.6 மில்லி பட்டன் இருந்தாப் போதும், அந்த அளவு வந்துட்டா பள்ளத்துல இருக்கற சின்ன மேடு, டிடபிள்யூஐன்னு போட்டிருக்கும், அது மட்டத்துக்கு வந்துரும். ஆனா மழைல மூணு மில்லிக்கு கீழ வந்தாலே தண்ணிய வெளிய தள்ளற வேலை குறைஞ்சுடும். உங்களுது ஓரத்துல ஒண்ணுமில்ல, நடுவுல இருக்கறதும் கல்லு. அதுலயும் உங்க வண்டி 1500 ஆர்பிஎம்லயே 175 என்எம் இழுவை குடுக்கற வண்டி, முன் சக்கரத்துக்கு வேலை ஜாஸ்தி.

இன்னொண்ணு, உள் ஓரம் தேயுதுன்னா அலைன்மென்ட்டோ (சக்கரம் நிக்கற கோணம்), சக்கரத்தத் தாங்கற லோயர் ஆர்ம்ல இருக்கற ரப்பர் புஷ்ஷோ போயிருக்கு. அதப் பாக்காம புது டயர் போட்டீங்கன்னா அதுவும் இதே கதைதான்.

நெல்லைத்தேர்
அண்ணாச்சி, நாலும் எதுக்கு மாத்தணும்? முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க, 12 ஆயிரத்துல சோலி முடிஞ்சிரும். இழுக்கது முன் சக்கரம், திருப்புதது முன் சக்கரம், பிரேக்கும் முக்காவாசி முன்னாடிதான் பிடிக்கு. பின்னாடி சும்மா கூட உருண்டு வரத்தானே செய்யுது. நான் இருவது வருசமா இப்படித்தான் ரெண்டு ரெண்டா மாத்துதேன், ஒண்ணும் ஆவல பாத்துக்கிடுங்க.

எண்ணெய்க்கறை
நெல்லை அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க, இது நான் தினம் போடற சண்டை. ரெண்டுதான் வாங்க முடியும்னா புதுச பின்னாடி போடணும், ஓரளவு நல்லா இருக்கற பழச முன்னாடி கொண்டாரணும். டயர் கம்பெனிக்காரங்களே இதத்தான் சொல்றாங்க, ஆனா கடைல யாரும் செய்யறதில்ல. ஏன்னா முன் டயர் வழுக்குனா ஸ்டியரிங் லேசாகும், உங்களுக்குத் தெரியும், ஆக்சிலேட்டர விட்டா பெரும்பாலும் திரும்பப் பிடிச்சுக்கும். பின் டயர் தண்ணில வழுக்குனா எந்த தகவலும் வராது, வண்டி பம்பரமா சுத்தும். வீட்ல ஓட்டற சாதாரண ஆளு யாருக்கும் அத நிமித்தத் தெரியாது, எனக்கும் தெரியாது.

பொள்ளாச்சி சாருக்கு அந்தப் பேச்சே வேண்டாம், நாலுமே 1919. பழசுல நல்லது கெட்டதுன்னு பிரிக்க ஒண்ணுமில்ல.

நெல்லைத்தேர்
நீங்க சொல்லுத காரணம் வெளங்குது. ஆனா புது டயர பின்னாடி போடுன்னு கடைல சொன்னா என்னைய ஒரு மாதிரி பாப்பான். போன தடவ தாமிரபரணி பாலத்துல மழைல பின்னாடி லேசா ஆடுச்சு, காத்துன்னு நெனைச்சேன்... சரி விடுங்க.

சிக்கனசிகாமணி
நான் ஒரு ஐடியா சொல்றேன் ப்ரோ. 185/65 ஆர்15 போட்டுருங்க. ஸ்விஃப்ட், டிசையர் டாப் மாடல், எர்டிகா இதுக்கெல்லாம் அந்த சைஸ்தான், எந்தக் கடைலயும் மலை மலையா அடுக்கி வெச்சிருப்பான், ஸ்டாக்கும் புதுசா இருக்கும், 185/60 விட டயருக்கு நானூறு ஐநூறு கம்மியாவும் கிடைக்கும். அதே 15 இன்ச் ரிம் தானே, பேசாம மாட்டலாம்.

கணக்கப்பிள்ளை
பேசாம மாட்டலாம், ஆனா கணக்கப் பாத்துட்டு மாட்டுங்க. 185/60னா டயர் அகலம் 185 மில்லி, பக்கச்சுவர் உசரம் அதுல 60 சதவீதம், அதாவது 111 மில்லி. மேல ஒண்ணு கீழ ஒண்ணு 222, ரிம் 15 இன்ச் 381, மொத்தம் 603. உங்க 185/65க்கு இதே கணக்கு போட்டா 621.5 வரும். மூணு சதவீதம் பெருசு. மீட்டர்ல நூறு காட்டுறப்ப முன்னவிட மூணு கி.மீ கூடப் போவீங்க, கியர் எல்லாம் கொஞ்சம் நீண்டுரும், பிக்கப் மந்தமாகும். பக்கச்சுவரு உசரமானா வளைவுல டயர் மடங்கும், ஸ்டியரிங் திருப்பினதுக்கும் வண்டி திரும்பறதுக்கும் நடுவுல ஒரு யோசனை வரும். ஜிடி வாங்கிட்டு அத டிசையர் மாதிரி ஓட்டறதுக்கா?

195/60க்கு 615 வருது, ரெண்டு சதவீதம். ராக்கெட் சொல்ற மாதிரி 6 மில்லி உசரம் கிடைக்கும், ரிம்முக்கும் பொருந்தும், தப்பில்ல. ஆனா டயர் கனம் கூடும், காசும் கூடும். 24 ஆயிரத்துல 195/60ல மட்டமானது வாங்கறதுக்கு அதே காசுல 185/60ல நல்லதா வாங்கலாம்ங்கறது என் கட்சி. அகலத்துல பத்து மில்லி கூடறத விட ரப்பர் நல்லதா இருக்கறதுதான் ஈரத்துல பிடிக்கும்.

அப்புறம் 84எச்னு போட்டிருக்கான்னு பாருங்க. 84னா ஒரு டயர் 500 கிலோ தாங்கும், எச்னா 210 வரைக்கும். டின்னா 190 வரைக்கும்தான். நம்ம ரோட்ல யாரும் 190 போகப்போறதில்ல, இருந்தாலும் இந்த வண்டிக்கு எச்சுக்கு கீழ இறங்க வேண்டாம்.

ஓஎம்ஆர்_ராக்கெட்
கணக்கு வாத்தியார் வந்துட்டாரு 😄 ஒத்துக்கறேன் தல, 195 போட்டதுக்கப்புறம் ஃபர்ஸ்ட்ல இழுவை கொஞ்சம் டல்லுதான். டர்போ வண்டிங்கறதால பெருசா தெரியல. ஆனா லுக்கு லுக்குதான்.

பொள்ளாச்சிப்போலோ
சரிங்க, 185/60லயே இருக்கறேன். எந்த கம்பெனின்னு யாராவது சொல்லுங்க. கடைல ஒருத்தர் எம்ஆர்எஃப் தான் உழைக்கும்ங்கறாரு, இன்னொருத்தர் மிச்செலின் தவிர எதையும் கையால தொடாதீங்கறாரு, அது பட்ஜெட்டுக்குள்ள வரல. தலை சுத்துது.

கொல்லிமலை70
எங்க ஊர் மலைல 70 வளைவு, உங்களுக்கு 40தான், அதனால நான் பேசலாம்னு நெனைக்கறேன்.

கம்பெனி பேர வெச்சு டயர் வாங்காதீங்க, மாடல வெச்சு வாங்குங்க. ஒரே கம்பெனி ரெண்டு குணத்துல டயர் போடும். அப்போலோல அமேசர் 4ஜி லைஃப்னு இருக்கு, பேர்லயே தெரியுது, அது உழைக்கறதுக்கு. அதே அப்போலோல அல்நாக் 4ஜி, அது ஓட்டறவங்களுக்கு. குட்இயர்ல டூராப்ளஸ் உழைப்பு, ட்ரிபிள்மேக்ஸ் ஈரத்துல பிரேக் பிடிக்க. அம்பதாயிரம் அறுபதாயிரம் ஓடும்னு சொல்லி விக்கற டயர்ல ரப்பர் கொஞ்சம் கெட்டியா இருக்கும், அதுதான் உழைப்போட ரகசியமே. வாடகை வண்டிக்கு அது சரி. உங்களுக்கு வருஷம் அஞ்சாறு ஆயிரம்தான் ஓடுது, அறுபதாயிரம் ஓடற டயர நீங்க பத்து வருஷம் ஆனாலும் தேய்க்க மாட்டீங்க, அதுக்குள்ள ரப்பர் காய்ஞ்சு போய் மறுபடியும் 17வது வளைவுலதான் நிப்பீங்க. கம்மியா ஓட்டறவங்கதான் மெத்து ரப்பர் வாங்கணும், ஆனா எல்லாரும் தலைகீழா யோசிக்கறாங்க.

நான் எங்க வண்டில அல்நாக் போட்டிருக்கேன், மூணு வருஷமாச்சு, பக்கச்சுவர் கொஞ்சம் விறைப்பு, குழில தட்டறது உள்ள கேக்கும், சத்தமும் கொஞ்சம் இருக்கு, ஆனா மழைல வளைவுல நம்பி ஓட்டலாம்.

கணக்கப்பிள்ளை
கொல்லிமலை சொன்னதுல ஒரு வார்த்தை மாத்தத் தேவையில்ல. விலை பத்தி மட்டும் ஒண்ணு. 2025 செப்டம்பர் 22லருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18 ஆயிடுச்சு. அதுக்காக பத்து சதவீதம் குறையும்னு கடைல போய் சண்டை போடாதீங்க. 6,400 ரூபா டயர்ல அடக்கம் 5,000, வரி 1,400 இருந்துச்சு. இப்ப 5,000க்கு 900 வரி, 5,900. குறைஞ்சது எட்டு சதவீதத்துக்கு கொஞ்சம் கம்மி. பழைய ஸ்டாக்க பழைய விலைல தள்ளப் பாப்பாங்க, பில்லுல வரி எவ்வளவுன்னு பாத்து வாங்குங்க. நாலு டயருக்கு ரெண்டாயிரம் மிச்சம்னா அலைன்மென்ட், பேலன்சிங் காசு வந்துரும்.

சிக்கனசிகாமணி
செகண்ட்ஸ் டயர்? 80 பர்சன்ட் பட்டன் இருக்கறது 2,500க்கு தர்றானே 🙈

எண்ணெய்க்கறை
சிகாமணி, வேண்டாம். இடிச்ச வண்டில கழட்டுனதா, உள்ள கம்பி அறுந்ததான்னு வெளிய இருந்து எவனாலயும் சொல்ல முடியாது. பாலீஷ் போட்டு கருகருன்னு வெச்சிருப்பான்.

பொள்ளாச்சி சார், கடைக்கு போறப்ப ஞாபகம் வெச்சுக்குங்க: டயர ரிம்முல ஏத்தறதுக்கு முன்னாடி தேதியப் பாருங்க, ஏத்தினதுக்கப்புறம் பேசுனா வேலைக்காகாது. ஆறு மாசத்துக்குள்ளன்னா ரொம்ப நல்லது, ஒரு வருஷம் வரைக்கும் ஒத்துக்கலாம். சில டயர்ல அவுட்சைடுன்னு எழுதியிருக்கும், அது நாலுலயும் வெளிய தெரியணும், அவசரத்துல ஒண்ண திருப்பி மாட்டிருவாங்க. பக்கவாட்டுல மஞ்சப் பொட்டு இருந்தா அது வால்வு பக்கத்துல வரணும், அங்கதான் டயர் லேசா இருக்கும், பேலன்சிங் வெயிட்டு கம்மியா போகும். வால்வு நாலும் புதுசு போடச் சொல்லுங்க, அம்பது ரூபால கஞ்சத்தனம் வேண்டாம். போட்டதும் முதல் இருநூறு கி.மீ மெதுவா ஓட்டுங்க, அச்சுல இருந்து வர்றப்ப மேல ஒரு வழுவழுப்பு இருக்கும், அது போகட்டும்.

நைட்ரஜன் போடவான்னு கேப்பாங்க. சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சிரிச்சுட்டு வந்துருங்க.

பொள்ளாச்சிப்போலோ
போட்டாச்சுங்க! கொஞ்சம் பெரிய கதை, பொறுத்துக்கோங்க.

முதல் கடைல ஃபோன்ல கேட்டப்ப புது ஸ்டாக்தான் சார்னாங்க. போய் பாத்தா ரெண்டு 0924, ரெண்டு 4124. ஒண்ணரை வருஷம் குடோன்ல தூங்குனது. இது பழசுங்களேன்னு கேட்டா "டயரென்ன பாலா சார், திரிஞ்சு போறதுக்கு"ங்கறாரு. எண்ணெய்க்கறை அண்ணன் சொன்ன மாதிரி ரிம்முல ஏத்தறதுக்கு முன்னாடியே பாத்ததால வணக்கம் சொல்லிட்டு வந்துட்டேன். கோயமுத்தூர்ல இன்னொரு கடை, தேதி சொல்லுங்கன்னதும் அவரே குடோன்ல இருந்து போட்டோ அனுப்பினாரு, நாலும் 3425. ஆகஸ்ட் கடைசில பொறந்த குழந்தைங்க. அல்நாக் 4ஜிதான், 84எச்.

அங்கயே அலைன்மென்ட் மிஷின்ல ஏத்தினா பையன் சக்கரத்த ரெண்டு கையால பிடிச்சு ஆட்டிட்டு கீழ கூப்பிட்டு காட்டினான், வலது லோயர் ஆர்ம் புஷ் ரப்பர் பாதி கிழிஞ்சு தொங்குது. அதனாலதான் வலது டயர் உள் ஓரம் மொட்டை. இத சரி பண்ணாம அலைன்மென்ட் பண்ணுனா காசு வாங்கறது பாவம் சார்னான். அந்தப் பையனுக்கு டீ வாங்கிக் குடுத்தேன். புஷ் மாத்திட்டு மறுநாள் போய் பண்ணினேன்.

கணக்கு: டயர் 5,650 வீதம் 22,600, வால்வு 200, பேலன்சிங் 600, அலைன்மென்ட் 500. பழைய டயர் நாலையும் எடுத்துட்டு 1,200 கழிச்சாங்க. ஆக 22,700. புஷ் செலவு தனி, அத வீட்ல சொல்லல.

கொல்லிமலை70
மலை ஏறிட்டு வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் வாழ்த்து பாக்கி.

பொள்ளாச்சிப்போலோ
ஏறிட்டு வந்துட்டேன்ங்க. முன்னூறு கி.மீ சும்மா ஓட்டினதுக்கப்புறம் நேத்து காலைல தனியா போனேன், வேணும்னே மழை நாளா பாத்து. ஒம்பதாவது வளைவுல லோம்ஸ் வியூல நிறுத்தி ஆழியார் அணையப் பாத்து ஒரு டீ, அப்புறம் மேல. இறங்கறப்ப அதே 17வது வளைவு, அதே ஈரம், ஸ்பீடும் கிட்டத்தட்ட அதேதான். ஸ்டியரிங் கனமா இருந்துச்சு, திருப்பினேன், திரும்பிருச்சு. அவ்வளவுதான், சொல்றதுக்கு வேற ஒண்ணுமே இல்ல. நான் என்னமோ ஆகும்னு மூச்சப் பிடிச்சுட்டிருந்தேன்.

குறைன்னா, உடுமலை ரோட்ல குழி எல்லாம் முன்னவிட நல்லாத் தெரியுது. காத்து மொதல்ல கடைக்காரர் 36 அடிச்சு விட்டிருந்தாரு, பெட்ரோல் மூடி உள்பக்கம் ஸ்டிக்கர பாத்து குறைச்சதும் பரவால்ல ஆயிடுச்சு. மைலேஜ் அரை கி.மீ கம்மியான மாதிரி இருக்கு, அது நான் ஓட்டற விதமாவும் இருக்கலாம்.

ஓஎம்ஆர்_ராக்கெட்
சூப்பர் தல. போட்டோ போடு. அப்படியே 16 இன்ச் அலாய்...

பொள்ளாச்சிப்போலோ
ராக்கெட் தம்பி, போதும்ங்க 🙏

எண்ணெய்க்கறை
சந்தோஷம் சார். பத்தாயிரம் கி.மீக்கு ஒருதடவ முன்னாடி பின்னாடி மாத்திப் போடுங்க. ஆமா, ஸ்டெப்னி எப்படி இருக்கு? தேதி பாத்தீங்களா?

பொள்ளாச்சிப்போலோ
நீங்க கேட்டதுக்கப்புறம்தான் டிக்கியத் திறந்து கார்ப்பெட்ட தூக்கினேன். வண்டியோட வந்ததுங்க, 2015. அதுல இருக்கற சின்ன சின்ன ரப்பர் முள்ளு கூட தேயல, கீழயே இறங்கல போல. காத்து 12 இருக்கு.

எண்ணெய்க்கறை
பத்து வருஷம். அத மாட்டி மலை இறங்காதீங்க. கழட்டுன நாலுல நடு பட்டன் நல்லா இருந்த பின் டயர் ஒண்ண இப்போதைக்கு ஸ்டெப்னிக்கு ஏத்தி வைங்க, மெதுவா கடை வரைக்கும் போறதுக்கு ஆகும்.

பொள்ளாச்சிப்போலோ
அண்ணா, நாலையும் ஒண்ணு முன்னூறு ரூபான்னு கடைலயே குடுத்துட்டேன்ங்க.